நான்காவது டவுன்: டெட்ராய்ட் லயன்ஸின் 2023 சீசன்

அமெரிக்கன் ஃபுட்பாலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்று சொல்லும் நம்மவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மற்றதையெல்லாம் விடுங்கள், நான்காவது டவுன் வரும்போது மட்டும் கையிலிருக்கும் போனைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். 2023 சீசன் முழுக்க டெட்ராய்ட் லயன்ஸ் அணியைப் பின்தொடர்ந்துதான் எனக்கு இந்த ஆட்டம் பிடிபட்டது. அந்த அணியை அந்த வருடம் பார்த்த யாருக்கும் நான்காவது டவுன் மறக்காது.

விதி இவ்வளவுதான். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடி புதிதாக நான்கு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களில் இத்தனை பந்துக்கு இத்தனை ரன் என்று கணக்குப் போடுவோமே, அந்தக் கணக்கு இங்கே ஆட்டம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்று டவுன் முடிந்தும் பத்து யார்டு வரவில்லை என்றால் பயிற்சியாளருக்கு மூன்று வழி. பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடலாம். இதைப் பண்ட் என்பார்கள். கோல் கம்பம் எட்டும் தூரம் என்றால் பந்தை அதன் நடுவே உதைத்து, அதாவது ஃபீல்டு கோல் அடித்து, மூன்று புள்ளி வாங்கலாம். இல்லையென்றால் நான்காவது தடவையும் துணிந்து ஆடிப் பார்க்கலாம். அதில் தோற்றால் பந்து நின்ற இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். அந்த முடிவை எடுக்கச் சில நொடிதான் கிடைக்கும். எடுத்த முடிவைப் பற்றி ஊரே ஒரு வாரம் பேசும்.

லயன்ஸின் பயிற்சியாளர் டேன் கேம்ப்பெல் இந்த இடத்தில் என்எஃப்எல் எனப்படும் இந்தத் தொழில்முறை லீகிலேயே அதிகம் துணிபவர்களில் ஒருவர். அவர் 2021-இல் பொறுப்பேற்ற முதல் சீசனில் அணி மூன்றே ஆட்டம்தான் வென்றது. அடுத்த சீசனில் முதல் ஏழில் ஆறு தோல்வி; அதற்குப் பிறகு எழுந்து 9 வெற்றி, 8 தோல்வி என்று முடித்தார்கள்.

இந்த அணியின் பழைய கதையைத் தெரிந்துகொள்ளாமல் 2023-ஐப் பார்த்தால் பாதி சுவை போய்விடும். லயன்ஸ் கடைசியாகச் சாம்பியன் ஆனது 1957-இல். சூப்பர் பவுல் என்ற ஒன்றே அதற்குப் பிறகுதான் தொடங்கியது; அதில் லயன்ஸ் ஒரு தடவைகூட ஆடியதில்லை. 1992 ஜனவரியில் டல்லாஸை 38-6 என்று வென்றதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ஒரு பிளேஆஃப் வெற்றி, அதாவது சீசன் முடிந்தபின் வரும் தோற்றால்-வெளியே சுற்றில் ஒரு வெற்றி, இல்லை. 2008-இல் ஆடிய 16 ஆட்டத்திலும் தோல்வி. டெட்ராய்ட் வட்டாரத்தில் வேலைக்கு வந்து சேர்ந்த நம் ஊர்க்காரர்கள் பலரும் இந்த அணியைக் கண்டுகொள்ளாமல் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனியில் என் வேலை. திங்கட்கிழமை காலையில் சக ஊழியர்கள் சோர்ந்த முகத்தோடு வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அதற்குப் பின்னால் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது.

ஆகவே என் முதல் பரிந்துரை: சூப்பர் பவுலில் தொடங்காதீர்கள். பிப்ரவரியில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளம்பரத்துக்கும் பாட்டுக்கும் நடுவில், முகம் தெரியாத இரண்டு அணிகளைப் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது. நீங்கள் இருக்கும் ஊரின் அணியை எடுத்துக்கொண்டு செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து பாருங்கள். ஒரு சீசனுக்கு 17 ஆட்டம்தான், வாரத்துக்கு ஒன்றுதான். வீட்டு வேலைக்கும் பிள்ளைகளின் வகுப்புகளுக்கும் நடுவில் நுழைத்துவிடலாம். உள்ளூர் அணியின் ஆட்டம் பெரும்பாலும் உள்ளூர்ச் சேனலில் இலவசமாகவே வரும். கேபிளோ மாதச் சந்தாவோ தேவையில்லை. கடையில் விற்கும் சாதாரண ஆன்டெனாவை ஜன்னல் ஓரத்தில் வைத்தால் போதும். எங்கள் வீட்டில் அந்த சீசனில் முக்கால்வாசி அப்படிப் பார்த்ததுதான்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடிகாரத்தில் 60 நிமிட ஆட்டம், நிஜத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். பந்து உண்மையில் ஓட்டத்தில் இருப்பது பத்துப் பதினோரு நிமிடம்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இது பலருக்கு எரிச்சல். எனக்கு இதுதான் வசதி. இரண்டு டவுனுக்கு நடுவே கிடைக்கும் அரை நிமிடத்தில் வெங்காயம் உரிக்கலாம், பிள்ளையின் சந்தேகத்தைத் தீர்க்கலாம், அடுத்து என்ன செய்வார்கள் என்று ஊகிக்கலாம். அப்படி ஊகித்துப் பார்க்க ஆரம்பித்தால் ஆட்டம் உங்களுடையது ஆகிவிடும்.

செப்டம்பர் 7, வியாழக்கிழமை இரவு. சீசனின் முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியன் கான்சஸ் சிட்டி சீஃப்ஸுடன், அவர்கள் மைதானத்தில். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே லயன்ஸ் தன் சொந்தப் பக்கம் 17 யார்டு கோட்டில் மாட்டிக்கொண்டது. நான்காவது டவுன், இரண்டு யார்டு வேண்டும். யாராக இருந்தாலும் அங்கே பண்ட்தான் அடிப்பார்கள். தோற்றால் எதிரணிக்கு வாசலிலேயே பந்தைக் கொடுத்த மாதிரி. உதைப்பதற்குத்தான் வரிசையாக வந்து நின்றார்கள். பந்து உதைப்பவரிடம் போகவே இல்லை. நடுவில் நின்ற ஜேலன் ரீவ்ஸ்-மேபினிடம் போனது, அவர் முட்டி மோதி மூன்று யார்டு ஓடிவிட்டார். அந்த முன்னேற்றம் டச்டவுனில், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் ஆறு புள்ளி எடுப்பதில், போய் முடிந்தது. "அம்மா, இவங்க ஏமாத்திட்டாங்கம்மா!" என்று என் மகன் சோஃபாவிலிருந்து எழுந்து குதித்தான். விதிக்கு உட்பட்ட ஏமாற்று என்று அவனுக்கு விளக்குவதற்குள் அடுத்த டவுன் தொடங்கிவிட்டது.

பிற்பாதியில் சீஃப்ஸ் வீரர் கடேரியஸ் டோனியின் கையில் பட்டுத் தெறித்த பந்தைப் புதுமுகம் பிரையன் பிராஞ்ச் பிடித்து 50 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். முடிவு 21-20. மறுநாள் அலுவலகம் திருவிழா மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது: இங்கே பிறந்து வளர்ந்தவர்களோடு பேச்சுத் தொடங்குவதற்கு வானிலையைவிட நல்ல விஷயம் இருக்கிறது. பெரிய ஞானம் ஒன்றும் தேவையில்லை. "அந்த நாலாவது டவுன்ல நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டால் போதும். என்னோடு வணக்கத்துக்கு மேல் பேசாத மூத்த டெக்னீஷியன்கூட ஒயிட்போர்டில் படம் வரைந்து விளக்கினார். புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். தெரிந்த மாதிரி நடிக்க வேண்டாம், கேள்வியாகக் கேளுங்கள். பல வருடமாகத் தோல்வியையே பார்த்த ரசிகர்களுக்கு விளக்கிச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படிப்பட்டவர். 1957 சாம்பியன்ஷிப்பில் கிளீவ்லண்டை 59-14 என்று அடித்தபோது அவர் சின்னப் பையன். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்டாராம். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன். பந்தையே பார்க்காதீர்கள். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கும் ஐந்து கனமான ஆட்களைப் பாருங்கள். அவர்கள் பின்னால் தள்ளப்பட்டால் அந்த டவுன் தேறாது. முன்னால் தள்ளினால் ஏதோ நல்லது நடக்கப் போகிறது. லயன்ஸின் பெனை சூவெல் அந்த ஐவரில் ஒருவர். 58 எண். ஓட்டத்துக்கு வழி திறக்க அவர் வலது பக்கத்திலிருந்து கிளம்பி வருவதை ஒரு தடவை கவனித்துவிட்டால் அப்புறம் கண் தானாக அங்கேதான் போகும்.

அந்த வருடம் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. டெட்ராய்ட் பக்கத்து ஊரான நோவையில் தோழி வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். லாஸ் ஏஞ்சலஸில் சார்ஜர்ஸுடன் லயன்ஸ் ஆட்டம் நம் நேரத்துக்கு மாலை நான்கு மணிக்கு. பிள்ளைகளுக்காக டிவியைப் போட்டு வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் பெரியவர்களும் அங்கேதான் இருந்தார்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி டச்டவுன். 38-38 சமநிலை, இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே பாக்கி. பந்து எதிரணியின் 26 யார்டு கோட்டில் லயன்ஸ் கையில். நான்காவது டவுன், இரண்டு யார்டு. ஃபீல்டு கோல் அடித்தால் மூன்று புள்ளி முன்னிலை.

தோழியின் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, மூணு பாயிண்டு சும்மா கெடக்கு. அத எடுக்காம என்னத்துக்கு நிக்காங்க?"

"இல்லப்பா, இப்ப அடிச்சா அந்தப் பக்கத்துக்குப் பந்து போயிரும். இன்னும் ஒண்ணே முக்கா நிமிஷம் இருக்கு. அந்தப் பையன் ஹெர்பர்ட் சாயந்திரத்துலேந்து போட்டுக்கிட்டே இருக்கான். இவங்க இந்த ரெண்டு யார்டு எடுத்துட்டா அவனுக்குப் பந்தே கெடைக்காது."

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா வம்புதான்."

லயன்ஸின் குவார்ட்டர்பேக் ஜேரட் காஃப் பந்தை வீசினார். புதுமுகம் சாம் லபோர்ட்டா பிடித்தார், ஆறு யார்டு. கடிகாரத்தை ஓடவிட்டு, கடைசி நொடியில் ஃபீல்டு கோல். 41-38. அப்பா முறுக்கை வாயில் போட மறந்து, "அந்தக் கோச்சுக்கு நெஞ்சழுத்தம்மா" என்றார். டேன் கேம்ப்பெல்லைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ கட்டுரை படித்துவிட்டேன். இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

நன்றி தெரிவிக்கும் நாளில் டெட்ராய்ட்டில் ஆட்டம் நடப்பது 1934-இலிருந்து வரும் வழக்கம். அந்த வருடம் அலுவலகத்தில் ஒருவர் குடும்பத்தோடு வெளியூர் போனதால் தன் இரண்டு டிக்கெட்டை வாங்கிய விலைக்கே எனக்குக் கொடுத்தார். மகனை அழைத்துக்கொண்டு ஃபோர்டு ஃபீல்டுக்குப் போனேன். மைதானத்துக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

கைப்பை விஷயம் முதலில். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பைதான் அனுமதி. அகலம், உயரம் 12 அங்குலம், ஆழம் 6 அங்குலம். இந்த அளவுக்குள் இருக்க வேண்டும். அதுபோக உள்ளங்கையளவு சின்னப் பர்ஸ் ஒன்று. இது லீகின் எல்லா மைதானத்துக்கும் உள்ள விதி. நம் பெண்கள் கொண்டுபோகும் பெரிய தோள்பையோடு போனால் வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்; காரில் வைத்துவிட்டு வர மறுபடி அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். தயிர்சாதமும் புளியோதரையும் உள்ளே போகாது, கிளம்பும் முன் வீட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள். சைவக்காரர்களுக்கு உள்ளே உருளைக்கிழங்கு வறுவல், பிரெட்ஸல், பீட்சா கிடைக்கும். விலை கண்ணைக் கட்டும்.

உடை பற்றி ஒரு வார்த்தை. வெளியே மிச்சிகன் நவம்பர்க் குளிர். ஃபோர்டு ஃபீல்டு கூரை போட்ட மைதானம், உள்ளே கதகதப்பு. தடித்த ஒற்றைக் கோட்டு போட்டுக்கொண்டு போனால் மூன்று மணி நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டிவரும். மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவதே நல்லது. கிரீன் பே, பஃபலோ மாதிரித் திறந்த மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அங்கே இருப்பதையெல்லாம் போட்டுக்கொண்டு போங்கள்.

நன்றி நாள் காலையில் உட்வர்ட் அவென்யூவில் பெரிய ஊர்வலம் நடக்கும், பல தெருக்களை அடைத்துவிடுவார்கள். மைதானத்துக்கு அருகில் பார்க்கிங் தேடுவது வீண் வேலை. பதினைந்து இருபது நிமிடம் நடக்கும் தூரத்தில் நிறுத்தினால் விலையும் குறைவு, ஆட்டம் முடிந்து வெளியே வருவதும் சுலபம். ஈஸ்டர்ன் மார்க்கெட் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தால் ரசிகர்கள் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டிச் சமைப்பதைப் பார்க்கலாம். முன்பின் தெரியாதவர்கள் என் மகனின் 97-ஆம் எண் சட்டையைப் பார்த்துக் கூப்பிட்டுக் கையில் தட்டினார்கள். 97 எய்டன் ஹட்சின்சனின் எண். பக்கத்து ஊர் பிளிமத் பையன், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டுச் சொந்த ஊர் அணிக்கே வந்தவர். பிள்ளைகளுக்குச் சட்டை வாங்குவதென்றால் இப்படி ஊர்க்காரர் ஒருவரின் எண்ணை வாங்குங்கள். பேச்சுக்கொடுக்கப் பத்துப் பேர் தானாக வருவார்கள்.

காதுக்கு ஏதாவது வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டாயம். எதிரணி நான்காவது டவுனிலோ மூன்றாவது டவுனிலோ நிற்கும்போது 65,000 பேர் ஒன்றாகக் கத்துவார்கள். கூரை இருப்பதால் சத்தம் உள்ளேயே சுற்றும். எதிரணியினர் பேசிக்கொள்வது அவர்களுக்கே கேட்கக் கூடாது என்பதுதான் நோக்கம். நம் அணி பந்தோடு நிற்கும்போது அமைதியாக இருக்க வேண்டும். இந்த ஒழுங்கை அங்கே யாரும் சொல்லித்தருவதில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: டிவியில் தெரியும் மஞ்சள் கோடு மைதானத்தில் இருக்காது. பத்து யார்டு எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமானால் ஓரத்தில் நிற்கும் ஆரஞ்சு நிறக் கம்புகளைப் பாருங்கள். இரண்டு கம்பு, நடுவில் பத்து யார்டு சங்கிலி. அந்த சீசனில் சந்தேகமாக இருந்தால் அந்தச் சங்கிலியை உள்ளே கொண்டுவந்து இழுத்துப் பிடித்து அளந்தார்கள்; 2025-இலிருந்து கேமராக்களை வைத்து அளக்கிறார்கள். இத்தனை கோடி டாலர் புரளும் ஆட்டத்தில் மூன்று பேர் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதும், மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று எட்டிப் பார்ப்பதும் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சியாக இருந்தது.

அன்றைக்கு லயன்ஸ் தோற்றது, 29-22. காஃப் மூன்று தடவை பந்தைக் கைநழுவவிட்டு இழந்தார். பிற்பாதியில் தன் சொந்தப் பக்கம் 23 யார்டு கோட்டில், நான்காவது டவுனில், கான்சஸ் சிட்டியில் செய்த அதே பண்ட் தந்திரத்தை கேம்ப்பெல் மறுபடி செய்து பார்த்தார். அதே ரீவ்ஸ்-மேபின். இந்தத் தடவை வழி திறக்கவில்லை, கொஞ்சத்தில் மடக்கிவிட்டார்கள். எதிரணியான கிரீன் பே பாக்கர்ஸ் உடனே அதை டச்டவுனாக மாற்றிக்கொண்டது. எனக்குப் பின்வரிசையில் இருந்தவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். துணிச்சலுக்கு விலை உண்டு என்பதை நேரில் பார்த்தது நல்லதுதான். செப்டம்பரில் அதே முடிவைக் கொண்டாடிவிட்டு நவம்பரில் திட்டுவது சரியில்லை என்று வீடு திரும்பும்போது மகனும் நானும் பேசிக்கொண்டே வந்தோம்.

டிசம்பர் 24 மின்னசோட்டாவில் 30-24. லீகில் தங்களோடு ஒரே பிரிவில் இருக்கும் நான்கு அணிகளில் முப்பது வருடத்துக்குப் பிறகு முதலிடம். வடக்குப் பிரிவு என்று பெயர் மாறிய பின் லயன்ஸுக்கு இதுவே முதல் பட்டம். ஆறு நாள் கழித்து டல்லாஸில் அந்தப் பிரசித்தமான குழப்பம். 23 நொடி பாக்கி இருக்கையில் டச்டவுன் போட்டு 20-19 என்று நெருங்கிய லயன்ஸ், டச்டவுனுக்குப் பின் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில் உதைத்து ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்யாமல் இரண்டு புள்ளிக்கு ஆடி வெல்லப் பார்த்தது. டெய்லர் டெக்கர் பந்தைப் பிடித்தும்விட்டார். ஆனால் அவர் எண் 68. 50 முதல் 79 வரை எண் உள்ளவர்கள் பந்தைப் பிடிக்க வேண்டுமானால் முன்கூட்டியே நடுவரிடம் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். நடுவர் அறிவித்தது 70-ஆம் எண்ணை. புள்ளி ரத்து. மிச்சிகன் இன்றைக்கும் அதை மன்னிக்கவில்லை. எனக்கு அந்த இரவில்தான் சட்டை எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரிந்தது. ஆட்டம் பார்க்கும்போது எண்ணைக் கவனித்தால் யார் ஓடுவார், யார் தடுப்பார் என்று பாதி புரிந்துவிடும்.

2024 ஜனவரி 14 போகி. மறுநாள் பொங்கல், அதோடு மார்ட்டின் லூதர் கிங் நாளும் சேர்ந்ததால் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. இரவு எட்டு மணிக்கு ஃபோர்டு ஃபீல்டின் முதல் பிளேஆஃப் ஆட்டம். வந்தது யார் தெரியுமா? பன்னிரண்டு சீசன் லயன்ஸுக்கு ஆடி, ஒரு பிளேஆஃப் வெற்றிகூட இல்லாமல், 2021-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போன குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்ட். போய்ச் சேர்ந்த முதல் சீசனிலேயே அங்கே சூப்பர் பவுல் வென்றார். அவருக்கு மாற்றாக ராம்ஸ் தள்ளிவிட்ட ஆள்தான் காஃப். ராம்ஸ் வேண்டாம் என்று சொன்னவரின் பெயரை அன்றைக்கு மைதானமே சேர்ந்து முழங்கியது. பக்கத்து வீட்டுப் பெரியவரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மறுநாளுக்கு ஊறவைத்த அரிசி சமையலறையில், நாங்கள் எல்லோரும் கூடத்தில்.

24-23. நான்கு நிமிடம் சொச்சம் இருக்கையில் ராம்ஸுக்கு நான்காவது டவுன். தூரம் அதிகம், அவர்கள் பண்ட் அடித்துப் பந்தைக் கொடுத்தார்கள். அது மறுபடி அவர்கள் கைக்கு வரவே இல்லை. அமோன்-ரா செயின்ட் பிரவுன் பிடித்த 11 யார்டில் ஆட்டம் முடிந்த மாதிரி. அப்புறம் காஃப் முழங்காலிட்டுக் கடிகாரத்தை ஓட்டினார். பெரியவர் பேசவே இல்லை. அவர் மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். காலையில் வாசலில் பொங்கல் பொங்கியபோது, குலவை எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவரும் தம்மால் முடிந்தமட்டும் கத்தினார்.

அடுத்த வாரம் டாம்பாவை 31-23 என்று வென்றார்கள். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல அணி நன்றாக ஆடி வென்றது.

இடையில் பெற்றோருக்காக ஒன்று. இவ்வளவு பார்த்தபின் பையன் நானும் ஆடுவேன் என்று கேட்பான். என் பையனும் கேட்டான். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளைக்கு வரும் நீண்டகாலப் பாதிப்பைப் பற்றி இப்போது நிறையவே தெரிந்திருக்கிறது. 2023 ஜனவரியில், முந்தைய சீசனில், பஃபலோ அணியின் டமார் ஹாம்லின் ஒரு மோதலுக்குப் பிறகு மைதானத்திலேயே இதயம் நின்று விழுந்ததை நேரலையில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உடனே மார்பை அழுத்தி உயிர்கொடுத்ததால் பிழைத்தார். 2023 சீசனில் மறுபடி ஆடவும் வந்தார். அதற்குப் பிறகு வீட்டில் பெரியவர்கள் இருவரும் சிபிஆர் வகுப்புக்குப் போய்வந்தோம். நீங்களும் போங்கள், விளையாட்டுக்கு மட்டும் இல்லை. மகனை ஃபிளாக் ஃபுட்பாலில் சேர்த்திருக்கிறேன். இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவினால் ஆள் அவுட், மோதல் கிடையாது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிக்குக் கிரிக்கெட்டையும் ஃபிளாக் ஃபுட்பாலையும் ஒரே கூட்டத்தில் சேர்த்தது. வீட்டில் இரண்டு ஆட்டத்துக்கும் ஆள் இருக்கிறோம்.

ஜனவரி 28, சாண்டா கிளாராவில் சான் பிரான்சிஸ்கோ 49ers அணியுடன் ஆட்டம். இதை வென்றால் சூப்பர் பவுல். பாதி ஆட்டத்தில் 24-7 என்று லயன்ஸ் முன்னிலை. அதற்குப் பிறகு நடந்ததை இங்கே இன்னும் விவாதிக்கிறார்கள். 24-10 இருக்கையில் எதிரணியின் 28 யார்டு கோட்டில் நான்காவது டவுன், இரண்டு யார்டு. 46 யார்டு ஃபீல்டு கோலுக்குப் போகாமல் ஆடினார்கள். ஜாஷ் ரேனால்ட்ஸ் கைக்கு வந்த பந்து நழுவியது. அதன்பின் லயன்ஸ் வீரரின் முகக்கவசத்தில் பட்டு எகிறிய பந்தை 49ers வீரர் பிராண்டன் ஐயுக் விழுந்து பிடித்து 51 யார்டு எடுத்தார். லயன்ஸின் புதுமுகம் கிப்ஸ் பந்தைத் தவறவிட்டார். 24-24. பிறகு 27-24 என்று பின்தங்கி, 30 யார்டு கோட்டில் மறுபடி நான்காவது டவுன். மறுபடி ஆடினார்கள், மறுபடி கிடைக்கவில்லை. இறுதியில் 34-31 தோல்வி. அந்த முடிவுகளுக்காக வருத்தமில்லை என்று கேம்ப்பெல் ஆட்டம் முடிந்தபின் சொன்னார்.

பெரியவர் இரண்டு தடவையும் உதைத்திருக்க வேண்டும் என்கிறார். நான் ஒப்பவில்லை. சார்ஜர்ஸிடமும் சீஃப்ஸிடமும் வென்றது இதே முடிவுகளால்தான். முதலாவதில் பந்து சரியான இடத்துக்கே போய்ச் சேர்ந்தது, பிடிக்க வேண்டியவர் பிடிக்கவில்லை. நான் குறை சொல்வது வேறொன்றை. 34-24 என்று பின்தங்கி, ஒரு நிமிடம் சொச்சம் இருக்கையில், எல்லைக் கோட்டுக்கு ஒரு யார்டில் மூன்றாவது டவுன். அங்கே பந்தை வீசாமல் மாண்ட்கோமரியை ஓடவிட்டார்கள். அவரைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். கடிகாரத்தை நிறுத்த மூன்று டைம் அவுட்டில் ஒன்றைச் செலவழிக்க வேண்டியதாயிற்று. அடுத்த டவுனில், அதுவும் நான்காவது டவுன், ஜேமிசன் வில்லியம்ஸ் டச்டவுன் போட்டார். 56 நொடி பாக்கி. அந்த மூன்றாவது டைம் அவுட் கையில் இருந்திருந்தால் எதிரணியை மூன்று டவுனில் நிறுத்திப் பந்தைத் திரும்ப வாங்க வழி இருந்தது. அது இல்லாததால் பந்தைக் கொஞ்ச தூரமே உதைத்துத் தாங்களே பிடிக்கப் பார்க்கும், அபூர்வமாகவே பலிக்கும் குட்டை உதையை நம்ப வேண்டியிருந்தது, அது பலிக்கவில்லை. டைம் அவுட் கணக்கைத் திரையின் கீழே அணியின் பெயருக்குப் பக்கத்தில் சின்னக் கோடுகளாகக் காட்டுவார்கள். கடைசிக் கால்மணியில் ஸ்கோரைவிட அதைத்தான் நான் இப்போது அதிகம் பார்க்கிறேன். பெரியவரிடமும் அதைக் காட்டித்தான் வாதிடுகிறேன். அவர் இன்னும் 46 யார்டு உதையிலேயே நிற்கிறார்.